மழை விட்ட மறுநாள் கடலில் முழுக்கு

மழை விட்ட மறுநாள் எங்க ஊர்க் கடற்கரையில எடுத்த அந்த வீடியோவைப் போட்டது நான்தான். எடுத்துடச் சொல்லி இதுவரை 11 பேர் இன்பாக்ஸுக்கு வந்துட்டாங்க. எடுக்க மாட்டேன். வாய்க்கால் கறுப்பா வந்து கடல்ல விழுது, முப்பதடி தள்ளி ஜனம் முழுக்குப் போடுது. இதுல எது பொய்?

நான் கேட்டது ஒரே ஒரு போர்டு. 'பெருமழை பெய்திருக்கு, ரெண்டு மூணு நாள் இங்க இறங்காதீங்க.' அவ்வளவுதான். பாதாளச் சாக்கடையை நாளைக்கே சரி பண்ணுங்கன்னா கேட்டேன்?

"மண்ணு கலங்கி வருது சார்"னு ஒருத்தர். மண்ணுக்கு அந்த வாடை வருமா சார்? அது சாக்கடை. எங்க காவிரி டெல்டா தரை தாம்பாளம் மாதிரி. சாக்கடை தானா ஓடாது, மோட்டார் போட்டுத் தள்ளணும். மழைன்னா முதல்ல போறது கரண்டு. மோட்டார் நின்னா மூடியைத் தூக்கிட்டுத் தெருவுக்கு வரும், அங்கேருந்து வாய்க்காலுக்கு. முகத்துவாரத்துல மணல் அடைச்சிருக்கிற வரைக்கும் தேங்கிக் கிடக்கும். வெள்ளம் மணலை உடைச்சா மொத்தமும் கடல்ல. ராத்திரியில குழாயை வாய்க்கால்ல விட்டுட்டுப் போற செப்டிக் டேங்க் லாரி கணக்கு தனி. (மாடியில விழுற மழைத்தண்ணியும் சாக்கடையில சேர்ந்தா இன்னும் பொங்கும். அப்படிக் குழாயைக் கோத்துவிட்டவங்க கை தூக்குங்க. எங்க வீட்லயும் அப்படித்தான் இருந்துச்சு, போன வருஷம்தான் பிரிச்சேன்.)

"கடல் எல்லாத்தையும் இழுத்துக்கும்"னு இன்னொருத்தர். சரி. கடல்ல குளிக்கிற இடத்துல 100 மில்லி தண்ணிக்கு மலக்கிருமி 100-க்கு மேல கூடாதுன்னு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே வெச்சிருக்கு. இழுத்துக்கும்னா அந்தக் கணக்கு எதுக்கு?

ஐப்பசி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போனோம். அம்மாவுக்குச் சர்க்கரை, கால்ல சின்னக் காயம். மூணு முழுக்கு. நாலாம் நாள் கால் வீங்கி, 12 நாள் ஆஸ்பத்திரி. கடல்லதான் வந்துச்சுன்னு நிரூபிக்க முடியுமான்னு கேட்பீங்க. முடியாது. ஆனா காலைத் துடைச்சுக் கட்டுப் போட்டது நான், நீங்க இல்ல.

போர்டு வெச்சா சுண்டல் விக்கிறவங்க, கடை போட்டவங்க பொழப்பு போகும்னு ஒரு தங்கச்சி எழுதியிருந்தா. போகும்மா. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.

ஆனா 'ஊர் பேரைக் கெடுக்காதே'ன்னீங்களே, அதுதான் தாங்கல. ஜூன் 12 மேட்டூர் திறந்தா பூத்தூவுற போட்டோவுக்கு நானும்தான் லைக் போட்டேன். கடைமடைக்கு என்ன வந்து சேருதுன்னு காட்டினா ஊர்த்துரோகியா? பலகையும் பெயிண்டும் என் செலவு. நட அனுமதி வாங்கித் தர்றவங்க இன்பாக்ஸுக்கு வாங்க, அந்த 11 பேரும்தான்.

அம்மா தீர்த்தத்தைக் குத்தம் சொல்லாதடாங்கிறாங்க. தை அமாவாசைக்கும் கடலுக்குப் போகணுமாம்.