ஆவடி வரைக்கும் வந்த மழைக்கு மந்தைவெளிக்கு வழி தெரியாதா?

ஆவடியில் கொட்டியிருக்கிறது. அம்பத்தூரில் கொட்டியிருக்கிறது. அண்ணாநகரில் ரோட்டில் தண்ணீர் நிற்கிறதாம். கோடம்பாக்கம் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பொட்டு இல்லை. போன ஜென்மத்தில் மந்தைவெளிக்காரர்கள் மட்டும் மேகத்தின் குடியைக் கெடுத்தவர்களா என்ன?

நேற்று மத்தியானம் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி. குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரில் டீத்தூளைப் போட்டு வடிகட்டிக் குடித்துவிடலாம். மத்தியானமே வந்திருக்க வேண்டிய கடல்காற்று மூன்று மணி தாண்டியும் வரவில்லை. மேற்கிலிருந்து அடிக்கிற காற்று அதைக் கரையிலேயே மறித்து வைத்திருந்தது. கீழ்வீட்டுப் பெரியவர் வேறு, “இதெல்லாம் ஒரு வெயிலா தம்பி? 2003 மே 31, நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி. அது வெயில்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போகிறார். ஏதோ அவரே கஷ்டப்பட்டு ஏற்றி வைத்த 45 மாதிரி.

நேற்றுக் காலை வானிலை மையம் விட்ட அறிக்கையைப் பார்த்தீர்கள்தானே? வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும், நகரின் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்யக்கூடும், வெயில் 40 டிகிரியை ஒட்டி இருக்கும், அசௌகரியமும் ஏற்படலாம். இதில் எதுதான் தப்பாகப் போகும்? அவர்கள் கணக்கில் ஓரிரு இடங்கள் என்றால், மழைமானி வைத்திருக்கிற இடங்களில் கால்வாசிக்குள் பெய்தால் போதும். ஆவடி நனைந்தால் அறிக்கை பாஸ். நான் வெந்தால் அசௌகரியமும் பாஸ். நானும் பள்ளிக்கூடத்தில் இப்படிப் பரீட்சை எழுதியிருந்தால் ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்திருப்பேன். அறிக்கை செல்சியஸில் வரும், பேப்பர்காரர்கள் அதைப் பாரன்ஹீட்டுக்கு மாற்றிச் ‘சதமடித்த வெயில்’ என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். 37.8 டிகிரி என்று போட்டால் கைதட்டல் விழாது பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாலு மணிவாக்கில் ரேடார் படத்தைத் திறந்தேன். திறந்திருக்கவே கூடாது. திருத்தணிப் பக்கம் ஒரு சிவப்புத் திட்டு, சிவப்பென்றால் பலத்த மழை. நடுவில் கரும்சிவப்பு. சும்மா தளதளவென்று, கிழக்கைப் பார்த்து. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் திருவள்ளூர். மொட்டைமாடிக்குப் போய்க் காய்ந்துகொண்டிருந்த துணியை எல்லாம் எடுத்தாயிற்று. வடாம் தட்டையும் இறக்கியாயிற்று, அதுவும் பாதிதான் காய்ந்திருந்தது. ஆவடி வந்தது. அக்கா வீட்டுக்காரரிடமிருந்து வீடியோ. போர்டிகோ ஷீட்டில் மழை தடதடவென்று அடிக்கிறது, பின்னணியில் யாரோ பஜ்ஜி கேட்கிறார்கள். “மாப்ளே, இங்க ஊத்து ஊத்துன்னு ஊத்துது. அங்க எப்படி?” வந்துகிட்டிருக்கு மாமா என்று பதில் போட்டேன். அவ்வளவு நம்பிக்கை.

அம்பத்தூர். திட்டு இன்னும் சிவப்புதான். மேற்கே வானம் மை மாதிரி கறுத்துவிட்டது. தெருவே மாடியில் நிற்கிறது. எதிர்வீட்டு அம்மா பக்கெட்டை எல்லாம் வெளியே வைத்துவிட்டார். அண்ணாநகர். திட்டு கொஞ்சம் ஆரஞ்சு. பரவாயில்லை, ஆரஞ்சும் மழைதானே? அரும்பாக்கம். மஞ்சள். கோடம்பாக்கம். பச்சை. அடுத்த படம் வர பத்து நிமிடம் ஆயிற்று, அந்தப் பத்து நிமிடம் நான் மூச்சு விட்டேனா என்றுகூடத் தெரியவில்லை. படம் வந்தது. ஒன்றுமே இல்லை. துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்கிறது சென்னை. வாட்ஸ்அப்பைத் திறந்தால் மாமா அடுத்ததை அனுப்பியிருக்கிறார்: “ஏசிய ஆஃப் பண்ணிட்டோம். இன்னைக்குப் போர்வைதான்.”

என்ன நடந்தது தெரியுமா? மத்தியானம் பூரா எட்டிப் பார்க்காத கடல்காற்று, நாலரை மணிக்கு வந்து நுழைந்ததே, அதன் வேலை. கடலோரத்துத் தரையைக் கொஞ்சம் குளிர வைத்துவிட்டது. இடிமேகத்துக்குத் தீனியே கீழேயிருந்து எழும்புகிற சூடான ஈரக்காற்றுதான். இந்தப் பக்கம் வந்ததும் அது கிடைக்கவில்லை, மேகம் பட்டினியில் செத்துவிட்டது. மூன்று மணிக்கு வந்திருந்தால் என் உடம்பாவது குளிர்ந்திருக்கும். வராமலே இருந்திருந்தால் மழையாவது கிடைத்திருக்கும். சரியாக இரண்டையும் கெடுக்கிற நேரமாகப் பார்த்து வந்திருக்கிறது.

மழை வரவில்லையே தவிர, மழையின் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். மேகத்திலிருந்து கீழே இறங்குகிற குளிர்காற்று மழைக்கு முன்னால் ஓடிவரும். அது வந்தது, தெருவில் இருந்த மண்ணை எல்லாம் அள்ளிக்கொண்டு. ஜன்னலைச் சாத்துவதற்குள் மெத்தை மேல் செம்மண் கோலம். பூவரச மரம் ஒரு கிளையை ஒடித்து கேபிள் ஒயரில் தொங்கவிட்டது. கரண்ட் போயிற்று. ஆவடியில் ஒரு நிமிடம்கூடப் போகவில்லையாம், கேட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு, எல்லாரும் மாடியிலேயே பாயைப் போட்டுப் படுத்த பிறகு, விழுந்தது. எண்ணி எடுத்துவிடலாம், அத்தனை துளிதான். பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே ஓடுவதற்குள் நின்றுவிட்டது. அப்புறம் விடிய விடியப் புழுக்கம். செல்போன் ஆப் மட்டும், “உங்கள் பகுதியில் இப்போது மழை பெய்கிறது” என்று குடை படம் போட்டு வாழ்த்தியது.

இது இன்று நேற்று வந்த துரோகம் இல்லை. 2019 ஃபானி புயலை மறந்துவிட்டீர்களா? ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரி பின்னால் ஓடிய வருடம். செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு வெடித்துக் கிடக்கிறது. புயல் நம் பக்கம்தான் வரும் என்று ஆரம்பத்தில் பேச்சு அடிபட்டதும், வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் புயலை வா வா என்று கூப்பிட்டோம். அது அப்படியே வடக்கே திரும்பி மே 3-ஆம் தேதி ஒடிசாவில் பூரி பக்கம் கரையேறி, அந்த ஊரைப் பிரித்து மேய்ந்தது. வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டவர்கள் வீட்டில் நுழைந்து அழித்தது. இங்கே விட்டுப் போனது வறண்ட மேற்குக் காற்றும் வெயிலும். ஜூனில் ஏரிகள் கிட்டத்தட்ட காய்ந்தே போயின.

காலையிலிருந்து வீட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். அடுப்படி வென்டிலேட்டர் கண்ணாடி ஒன்று காற்றில் பிளந்துகொண்டு நிற்கிறது, அதன் வழியாகத்தான் அத்தனை மண்ணும் மாவு டப்பாவுக்குள் போயிருக்கிறது. ஏறி ஓர் அட்டையாவது வைத்து அடைக்கலாம் என்றால் ஏணி இல்லை. ஏணி எங்கே? ஆவடியில். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று மாமா வாங்கிப் போனார். வெள்ளையும் அடிக்கவில்லை. போன மாதம் போனபோது பார்த்தேன், காம்பவுண்டு சுவரில் சாய்த்து வைத்துப் பாகற்கொடியை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். கேட்டால், “காய்ப்பு முடியட்டும் மாப்ளே” என்கிறார். நேற்றைய மழைக்கு அது இன்னும் செழித்திருக்கும்.