கோப்பை இருக்கிறது, மேசை எங்கே?

சென்னையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் ஓப்பன் செஸ் போட்டிகளின் நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள். எட்டு வயதுக்குட்பட்டோர், பத்து வயதுக்குட்பட்டோர், மூத்த வீரர் என்று பரிசுப் பட்டியல் நீண்டுகொண்டே போகும், பல நோட்டீஸ்களில் கடைசி வரியாக 'சிறந்த மாற்றுத்திறனாளி வீரர்' என்று ஒரு கோப்பையும் இருக்கும். எனக்கு எரிச்சலே அந்தக் கடைசி வரிமேல்தான். கோப்பை வாங்கப் போகிறவர் முதல் மாடி ஹாலுக்கு எப்படி ஏறுவார், கை ஒத்துழைக்காவிட்டால் ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் அழுத்த வேண்டிய கிளாக்கை (இருவரின் நேரத்தையும் தனித்தனியாக ஓட்டும் கடிகாரம்) யார் அழுத்துவார் என்று அதே நோட்டீஸில் ஒரு வார்த்தை இருக்காது.

என் நண்பர் ஒருவருக்குச் செரிப்ரல் பால்சி. ஆட்டம் அபாரம், ஆனால் கை சொன்ன இடத்துக்குப் போகாது. சமீபத்தில் ஒரு ராப்பிட் (ஆளுக்குக் குறைந்த நேரமே தரும் வேக ஆட்டம்) போட்டியில் பக்கத்தில் நின்று பார்த்தேன். குதிரையைத் தூக்கி வைக்கப் போகிறார், சுண்டுவிரல் பட்டுப் பக்கத்துச் சிப்பாய் உருண்டு விழுகிறது. விழுந்த காயைத் தன் நேரத்திலேயே எடுத்து நிறுத்த வேண்டும் என்பது விதி. அதை நிறுத்தி, குதிரையைக் கட்டத்துக்குள் தள்ளி, நகர்த்திய அதே கையால் கிளாக்கை எட்டி அழுத்துவதற்குள் பத்துப் பன்னிரண்டு விநாடி போய்விட்டது. எதிரே உட்கார்ந்திருந்த பொடியன், "அங்கிள், நான் வேணா அழுத்தட்டுமா?" என்று கேட்டான். உடனே கயிற்றுக்கு வெளியே நின்ற அவன் அப்பா, "டேய், உன் ஆட்டத்தப் பாரு" என்றார். நடுவரிடம் போய்க் கேட்டால், "ரூல்ஸ்ல அதுக்கு இடமில்லீங்க சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க" என்கிறார்.

ரூல்ஸில் இடம் இருக்கிறது என்பதுதான் விஷயமே. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளிலேயே இருக்கிறது. காய் நகர்த்த முடியாதவர், கிளாக்கை இயக்க முடியாதவர், நகர்த்தல்களை எழுத முடியாதவர், இந்த மூவருமே நடுவர் ஏற்றுக்கொள்ளும் ஓர் உதவியாளரை வைத்துக்கொள்ளலாம். கிளாக்குக்கோ எழுதவோ உதவியாளர் வைத்தால் அந்த ஆட்டக்காரரின் நேரத்தை நடுவர் நியாயமாகச் சரிசெய்வார், ஆனால் மாற்றுத்திறனாளியின் கிளாக்குக்கு அந்தச் சரிசெய்தல் கிடையாது என்றும் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். அதாவது உதவியாளர் வைத்ததற்காக அவர் நேரத்தில் கை வைக்கக் கூடாது. கிளாக்கைப் பலகையின் எந்தப் பக்கம் வைப்பது என்று முடிவு செய்வதும் நடுவர்தான். இடது கை மட்டும் நன்றாக இயங்குபவருக்கு அதை இடது பக்கம் மாற்றிவைக்க எத்தனை விநாடி ஆகும், சொல்லுங்கள்?

பார்வையற்ற ஆட்டக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் பரவாயில்லை. அவர்களுக்கென்று தனிப் பகுதியே விதிகளில் இருப்பதால், துளையுள்ள பலகை, நகர்த்தலை வாய்விட்டுச் சொல்வது எல்லாம் நடுவர்களுக்குப் பழக்கம். கை, கால் பிரச்சினை உள்ளவர்களுக்கு விதி ஆங்காங்கே ஒற்றை வரியாகச் சிதறிக் கிடக்கிறது, அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை போலிருக்கிறது.

இதற்கு வரும் பதில் எனக்குத் தெரியும். 'பிளிட்ஸில் (ஆளுக்குச் சில நிமிடங்களே உள்ள மின்னல் வேக ஆட்டம்) கை வேகமும் திறமைதானே, அதைத் தளர்த்தினால் ஆட்டமே மாறிவிடாதா?' நியாயமான கேள்விதான். இதே மாதிரி ஒரு சண்டை கோல்ஃபில் நடந்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. கேசி மார்ட்டின் என்ற வீரருக்குக் காலில் ரத்த ஓட்டக் கோளாறு, குழிக்குக் குழி நடக்க முடியாது, வண்டி கேட்டார். நடப்பதும் ஆட்டத்தின் பகுதி என்று தொழில்முறைச் சங்கம் வாதாடியது. 2001-ல் 7-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பு மார்ட்டின் பக்கம் வந்தது, வண்டியில் போவதால் கோல்ஃபின் அடிப்படை மாறிவிடாது என்று. கோல்ஃபில் அடிப்பதுதான் ஆட்டம் என்றால், செஸ்ஸில் பொத்தான் அழுத்துவதா ஆட்டம்?

சரி, கணக்குப் போட்டே பார்ப்போம். வாயால் சொல்லி உதவியாளர் நகர்த்தி கிளாக்கை அழுத்த, ஒரு நகர்த்தலுக்கு நான்கு விநாடி கூடுதலாக ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 நகர்த்தலுக்கு 200 விநாடி, அதாவது மூன்று நிமிடத்துக்கு மேல். 90 நிமிடத்துடன் நகர்த்தலுக்கு 30 விநாடி கூடும் ஆட்டத்தில் இது உறைக்கவே உறைக்காது. ஐந்து நிமிட பிளிட்ஸில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் காலி, யோசிக்க மிச்சம் 100 விநாடி. ஆகவே உதவியாளர் மட்டும் போதுமா என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ரேட்டிங் (அதிகாரப்பூர்வத் தரப் புள்ளி) இல்லாத உள்ளூர்ப் போட்டிகளிலாவது, அந்த ஒரு மேசைக்கு மட்டும் நகர்த்தலுக்குக் கூடும் நேரத்தை 5 விநாடிக்குப் பதில் 10 விநாடியாக, அதுவும் இருவருக்குமே கொடுத்துப் பாருங்கள் என்பேன். 60 நகர்த்தல் ஓடினாலும் மொத்தமே பத்து நிமிடம்தான் கூடும். அடுத்த ரவுண்டில் யாரோடு யார் என்ற பேரிங் பட்டியலை ஒட்டுவதற்கு நாம் காத்திருக்காத பத்து நிமிடமா!

இதில் கொடுமை என்னவென்றால், பல போட்டிகள் நடப்பது பள்ளிக்கூட ஹால்களில். அதே மாதிரி ஹாலில் மார்ச் மாதம் பொதுத்தேர்வு நடக்கும்போது தகுதியுள்ள மாணவருக்கு 'சொல்வதை எழுதுபவர்' உண்டு, ஒரு மணி நேரம் கூடுதலும் உண்டு. அங்கே யாரும் தேர்வின் தரம் கெட்டுவிட்டது என்று சொல்வதில்லை. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் விளையாட்டையும் விட்டுவைக்கவில்லை, அவர்கள் பங்கேற்க அரசு வழிசெய்ய வேண்டும் என்று அதற்கென ஒரு பிரிவே இருக்கிறது.

அப்புறம் அந்த மேடை விவகாரம். ஜெயிக்க ஜெயிக்க மேல் மேசைக்குப் போவதுதான் முறை, நம் ஊரில் முதல் சில மேசைகளை மேடையில் போட்டுவிடுகிறார்கள். சக்கர நாற்காலியில் வருபவர் மூன்று ரவுண்டு ஜெயித்தால் நான்காவது ரவுண்டுக்கு அவரை நான்கு பேர் நாற்காலியோடு தூக்க வேண்டும், தோற்றால் நிம்மதியாகக் கீழேயே ஆடலாம்! அவருக்கு ஒரே மேசையை நாள் முழுக்க ஒதுக்கிவிட்டு எதிராளியை அங்கே வரச் சொன்னால் வேலை முடிந்தது. காசு செலவில்லை.

நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்த ஊர் இது. 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது உடல் ஊனமுற்றோரின் சர்வதேச அணியும் அதே அரங்கில் மற்ற நாடுகளோடு சரிக்குச் சமமாக ஆடியது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே உலகப் பட்டங்களைப் பல முறை வென்ற ஜெனித்தா ஆண்டோ நம் திருச்சிக்காரர். அடுத்த ஜெனித்தா, போரூரிலோ பெரம்பூரிலோ ஒரு கல்யாண மண்டபத்தின் படிக்கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கலாம்.

போட்டி நடத்தும் நண்பர்களே, நுழைவுப் படிவத்தில் 'உங்களுக்கு ஏதாவது ஏற்பாடு தேவையா' என்று ஒரு கட்டம் போடுங்கள். காலையில் வரிசையில் நின்று அவர் நடுவரிடம் கெஞ்ச வேண்டியிருக்காது, உங்களுக்கும் ஆள் தேட நேரம் கிடைக்கும். உதவியாளராக வீட்டு ஆட்களை நிறுத்தினால் ஆட்டத்தில் துப்புக் கொடுப்பார்களோ என்ற சந்தேகம் வருகிறதா? காய் நகர்த்தத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் வராது என்ற ரகத்தில் ஒருவர்தான் அந்த வேலைக்குச் சரி. அந்தத் தகுதி எனக்கு முழுமையாக உண்டு. அண்ணா நகர், கோயம்பேடு சுற்றுவட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், வந்து நிற்கிறேன்.