துரதிர்ஷ்டசாலியா, சில்வர்பெர்க்?
இத்தனை முறை பரிந்துரைக்கப்பட்டும் அறிவியல் புனைகதை உலகின் ஹியூகோ விருது நாவலுக்காகக் கிடைக்கவில்லை என்று அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் சில்வர்பெர்க்கை 'துரதிர்ஷ்டசாலி' ஆக்கிவிட்டது நான் படித்த ஒரு கட்டுரை. 1956இலேயே நம்பிக்கை தரும் புது எழுத்தாளர் என்று ஹியூகோ வாங்கியவர் அவர். அப்புறம் குறுநாவல்களுக்கும் வாங்கினார். 'எ டைம் ஆஃப் சேஞ்சஸ்' நாவலுக்கு நெபுலா என்ற இன்னோர் அறிவியல் புனைகதை விருதும் உண்டு.

எனக்கு உறுத்துவது 1973 ஹியூகோதான். ஒரே ஆண்டு, ஒரே பிரிவு, அவருடைய இரண்டு நாவல்கள்: 'டையிங் இன்சைட்', 'தி புக் ஆஃப் ஸ்கல்ஸ்'. இரண்டையும் தாண்டி அசிமோவின் 'தி காட்ஸ் தெம்செல்வ்ஸ்' ஹியூகோவைத் தட்டிச் சென்றது. அசிமோவ் எனக்கும் பிடிக்கும், சரி. ஆனால் பிறர் மனதைப் படிக்கும் சக்தி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோக, அதைப் பார்த்துக்கொண்டே தவிக்கும் 'டையிங் இன்சைட்' நாயகன் டேவிட் செலிக் மாதிரி ஓர் ஆள் அசிமோவின் நாவலில் கிடையாது.