கிறிஸ்துமஸ் மரம் குப்பைக்கா, ஏரிக்கா?

பண்டிகைக் குப்பையைக் குறைப்பது பற்றி யார் பேசினாலும் பரிசு சுற்றும் தாள், பிளாஸ்டிக் தட்டு என்றுதான் தொடங்குவார்கள். எனக்கு அந்தப் பேச்சு மீனில் தொடங்குகிறது. அமெரிக்காவில் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிப்பவர்கள், மற்றவர்கள் வாசலில் தூக்கிப் போடும் கிறிஸ்துமஸ் மரத்தை ஏரியில் மூழ்கடித்து மீனுக்கு வீடாக்க ஜனவரி மாதம் தேடிப்போய் எடுத்துக்கொள்கிறார்கள். பண்டிகை முடிந்த மறுநாளே ஒரு பொருளுக்கு அடுத்த வேலை தயாராக இருந்தால் அது குப்பை வண்டி ஏறவே தேவையில்லை. இதற்கு இந்த மரத்தைவிட நல்ல சாட்சி வேறெதையும் நான் பார்த்ததில்லை.

நான் இருப்பது ஆர்கன்சா மாநிலத்தின் வடமேற்கு மூலை. பக்கத்திலேயே பீவர் ஏரி. ஒயிட் ஆற்றை மறித்து 1960களில் அணை கட்டியதால் உண்டான ஏரி. பாஸ் மீன்பிடி இன்றைக்குள்ள வடிவில் போட்டி விளையாட்டானதற்கு இந்தத் தண்ணீருக்குப் பெரிய பங்கு உண்டு. அலபாமாவைச் சேர்ந்த ரே ஸ்காட் என்ற காப்பீட்டு முகவர் 1967 ஜூனில் இங்கே ஒரு போட்டி நடத்தினார். 106 பேர் தலைக்கு 100 டாலர் கட்டிக் கலந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டே பாஸ் பிடிப்பவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். 1971இல் லேக் மீட் என்ற ஏரியில் அந்தச் சங்கத்தின் பெரிய போட்டியான பாஸ்மாஸ்டர் கிளாசிக் முதல்முறை நடந்தது. பரிசு 10,000 டாலர்.

"தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் என்ன விளையாட்டு?" என்று நம்மவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. போட்டியில் பாஸ் பிடிப்பவர் பெரும்பாலும் உட்காருவதே இல்லை. படகின் முன்முனையில் நின்றுகொண்டு, காலால் மின்மோட்டாரைத் திருப்பிக்கொண்டு, காலை முதல் மாலை வரை தூண்டிலை வீசிக்கொண்டே இருப்பார். தண்ணீரின் சூடு, கலங்கல், காற்று எந்தக் கரையில் அடிக்கிறது, சின்ன மீன் எங்கே கூடியிருக்கிறது என்று மனம் ஓயாமல் கணக்குப் போடும். லார்ஜ்மவுத் பாஸ் பெரும்பாலும் பதுங்கிப் பாயும் மீன். மூழ்கிய கட்டை, பாறை இடுக்கு, படகுத்துறையின் நிழல் எதையாவது ஒட்டி அசையாமல் நிற்கும். இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் அகன்ற வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். கையில் பிடித்திருக்கும் கம்புக்கு வருவது 'டக்' என்று ஒரு சின்னத் தட்டல்தான். அது மீனா, கிளையில் உரசியதா என்று விரல் பிரித்துச் சொல்வதற்குப் பல பருவங்கள் ஆகும். இதை விளையாட்டு என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

இந்த விளையாட்டு தன்னைத் தானே திருத்திக்கொண்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆரம்பத்தில் போட்டி மீன்கள் செத்துத்தான் கரைக்கு வந்தன. பிடித்த மீன்களைக் கோத்துத் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொள்வது அந்தக் காலத்தின் பெருமை. 1972இல் ஸ்காட் 'பிடித்ததைக் கொல்லாதே' என்ற முழக்கத்தோடு, மீனை உயிரோடு கொண்டுவந்து எடை போட்டுத் திரும்ப விடும் முறையைப் போட்டிக்குள் கொண்டுவந்தார். படகுக்குள்ளேயே காற்றூட்டும் தண்ணீர்த் தொட்டி இதனால் பரவியது. செத்த மீனுக்கு எடையில் கழிவு என்று விதி வந்தது. பாஸ்மாஸ்டர் போட்டிகளில் ஒரு செத்த மீனுக்கு 4 அவுன்ஸ் போய்விடும். ஒன்றிரண்டு அவுன்ஸில் கோப்பை கைமாறும் ஆட்டத்தில் அது சின்ன விஷயமில்லை. உபதேசம் செய்திருந்தால் எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ! மீன் உயிரோடு இருப்பதில் வீரரின் சொந்த லாபத்தைக் கட்டிவைத்ததால் எல்லோரும் மாறினார்கள். மேஜர் லீக் ஃபிஷிங் என்ற இன்னொரு அமைப்பின் போட்டிகளில் படகிலேயே எடை போட்டு அங்கேயே விட்டுவிடும் முறையையும் கொண்டுவந்தார்கள். கோடை வெக்கையில் தொட்டியில் அடைபட்டுக் கிடந்த மீன், விட்ட பிறகும் சில நாளில் சாகலாம் என்பதால் நான் இந்த முறையின் பக்கம்தான்.

இனி மரத்துக்கு வருகிறேன். அணை கட்டி உண்டான ஏரிக்கு வயதாகும். தண்ணீர் நிரம்பியபோது மூழ்கிய மரங்களும் புதர்களும் முதல் சில பத்தாண்டுகள் மீனுக்கு வீடாக இருக்கும். பிறகு அவை மக்கி உதிரும், வண்டல் படியும், ஏரியின் அடி பல இடங்களில் மொட்டையாகிவிடும். குஞ்சு மீன் ஒளிய இடம் இல்லை, அதைத் தின்னும் பாஸுக்குப் பதுங்க இடம் இல்லை. அமெரிக்க நீர்த்தேக்கங்களில் பலவற்றுக்கு இதே கதைதான்.

இன்னொரு பக்கம், இந்த நாட்டில் ஆண்டுக்கு 2.5 கோடியிலிருந்து 3 கோடி வரை நிஜ கிறிஸ்துமஸ் மரங்கள் விற்பதாக மரம் வளர்ப்பவர்களின் தேசிய சங்கம் சொல்கிறது. ஆரகனிலும் வட கரோலினாவிலும் பண்ணைகளில் ஏழெட்டு வருடம் வளர்ந்த மரம், வீட்டுக்குள் ஒரு மாதம் நின்றுவிட்டு வாசலுக்குப் போகிறது. குப்பைமேட்டில் மற்ற குப்பைக்கு அடியில் காற்றில்லாமல் புதைந்தால் மீத்தேன்தான் மிச்சம்.

மாநிலத்தின் வனவிலங்கு, மீன் வளத்தைக் கவனிக்கும் ஆர்கன்சா கேம் அண்ட் ஃபிஷ் கமிஷன் இந்த இரண்டு சங்கதியையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது. பண்டிகை முடிந்ததும் மாநிலம் முழுக்க ஏரிக்கரைகளில் மரம் போடும் இடங்களை அறிவிப்பார்கள். யாரும் கொண்டுவந்து போடலாம், மீன் பிடிப்பவர்கள் அங்கிருந்தே எடுத்துக்கொண்டு போய் ஏரியில் இறக்கலாம்.

இறக்குவது சும்மா தள்ளிவிடுகிற வேலையில்லை. அடிமரத்தில் துளை போட்டுக் கட்டுக்கம்பியை நுழைத்து ஒரு ஹாலோ பிளாக் கல்லோடு இறுக்க வேண்டும். இரண்டு மூன்று மரத்தைச் சேர்த்துக் கட்டினால் இன்னும் நல்லது. ஜனவரிக் குளிரில் கையுறையோடு கம்பியை முறுக்குவது பெரும்பாடு, கையுறையைக் கழற்றினாலோ விரல் மரத்துப்போகும், பிசின் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க வாசனை போகாது. 10 முதல் 20 அடி ஆழம் பார்த்துப் படகின் ஓரத்திலிருந்து தள்ளினால், மரம் ஒரு கணம் மிதந்து, கல் இழுக்க, குமிழி விட்டுக்கொண்டு உள்ளே போகும். கொஞ்ச நாளில் ஊசியிலைகள் உதிர்ந்துவிடும். கிளைகளில் பாசி பிடிக்கும், பாசிக்குப் பூச்சிகள் வரும், பூச்சிக்குச் சின்ன மீன் வரும். அதற்குப் பின்னால் பாஸ் வராமல் இருக்குமா? சில வருடத்தில் மரம் மக்கிவிடும் என்பதால் புது மரத்துக்கு எப்போதும் தேவை இருக்கிறது.

இதற்கு வரும் ஆட்சேபங்களில் ஒன்றை நான் மதிக்கிறேன். மரம் மீன் எண்ணிக்கையைக் கூட்டுகிறதா, அல்லது இருக்கிற மீனை ஓரிடத்தில் குவித்துப் பிடிப்பதை எளிதாக்குகிறதா? குவிப்பது உண்மை, அதற்காகத்தானே தூண்டில்காரர்கள் மெனக்கெடுகிறார்கள். ஆனால் குஞ்சுகளுக்கு ஒளிய இடம் கிடைப்பதும் உண்மை. பிடித்ததைத் திரும்ப விடும் பழக்கம் பாஸ் பிடிப்பவர்களிடம் ஊறியிருப்பதால் குவிப்பின் கெடுதல் பெரிதும் குறைகிறது. அந்த 1972 விதி இல்லாமல் இந்த மரத்தை இவ்வளவு தைரியமாக நான் ஆதரிக்கமாட்டேன்.

மரம் சுத்தமாக இருக்க வேண்டும். ஜிகினா, விளக்குச் சரம், கொக்கி, செயற்கைப் பனி எதுவும் கூடாது. செயற்கை மரம் கூடவே கூடாது, அது பிளாஸ்டிக். வீட்டில் ஏற்கெனவே செயற்கை மரம் இருந்தால் அது உடையும் வரை வருடா வருடம் அதையே வையுங்கள், அதுவும் நல்ல வழிதான். ஏரியை நிர்வகிப்பவர்களிடம் கேட்காமல் நினைத்த இடத்தில் மரத்தைத் தள்ளாதீர்கள். பீவர் ஏரி இந்தப் பகுதிக்கே குடிநீர் தருகிறது, நீந்துகிறவர்களும் படகுகளும் இருக்கின்றன.

என் கோபம் தூண்டில்காரர்கள் மேலும் உண்டு. மரத்தை மக்கும் பொருள் என்று பெருமையாக இறக்கிவிட்டு, அதே மரத்தில் சிக்கிய செயற்கை இரையான ரப்பர் புழுவையும் தங்கூஸ் என்ற தூண்டில் நரம்பையும் அறுத்துவிட்டுப் போகிறார்கள். ரப்பர் என்று நாம் சொன்னாலும் அது பிளாஸ்டிக்தான். தங்கூஸ் நம் ஆயுளைத் தாண்டியும் தண்ணீரில் கிடக்கும், பறவையின் காலில் சுற்றும். தூண்டிலில் எடைக்காகக் கட்டும் ஈயக்குண்டை விழுங்கிய லூன் பறவைகள் செத்ததால்தான் நியூ ஹாம்ப்ஷயர், மேய்ன் போன்ற மாநிலங்கள் சின்ன ஈயக்குண்டுகளைத் தடை செய்தன. டங்ஸ்டன் குண்டு இருக்கிறது, விலை கூடுதல், ஆனால் அடியில் இருப்பது சேறா கல்லா என்பதை ஈயத்தைவிடத் துல்லியமாகக் கைக்குச் சொல்லும். போட்டி நடத்துகிறவர்கள் செத்த மீனுக்கு எடை கழித்ததுபோல் ஈயத்தையும் விதி போட்டே ஒழிக்க வேண்டும். வேண்டுகோள் விட்டுக்கொண்டிருந்தால் இன்னும் ஐம்பது வருடம் ஆகும்.

பரிசுத் தாள் பற்றியும் ஒரு வார்த்தை. ஜிகினா மினுங்கும் தாள் மறுசுழற்சிக்குப் போகாது, துணியில் சுற்றினால் துணி மிஞ்சும். மீன்பிடிக்கும் நண்பருக்குப் பரிசு வாங்கப் போகிறவர்கள் பிளாஸ்டிக் உறை போட்ட இன்னொரு டப்பா இரையை வாங்காதீர்கள், அவரிடம் ஏற்கெனவே பெட்டி நிறைய இருக்கும். ஆண்டு மீன்பிடி உரிமத்தைப் புதுப்பித்துக் கொடுங்கள். ஆர்கன்சாவில் 16 வயதுக்குக் கீழே உரிமமே வேண்டாம், ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு சனிக்கிழமையைக் கொடுத்து ஏரிக்குக் கூட்டிப்போனால் போதும்.

பொங்கலுக்குப் பிறகும் ஜனவரி முடியும்வரை மரம் போட நேரம் இருக்கும். நம் தமிழ்க் குடும்பங்களிலும் பிள்ளைகளுக்காக நிஜ மரம் வைப்பவர்கள் கூடிவருகிறார்கள். ஒரு பிக்கப் வண்டியில் ஐந்தாறு வீட்டு மரம் ஏறும். போகி அன்றைக்கே தெருவாசிகள் சேர்ந்து ஏற்றிக்கொண்டு போகலாம். கமிஷனின் இணையதளத்தில் இடங்களின் பட்டியல் வரும், உங்களுக்குப் பக்கத்து இடத்தைப் பார்த்து வையுங்கள். கட்டுக்கம்பியும் ஹாலோ பிளாக்கும் வைத்திருப்பவர்கள் கீழே சொல்லுங்கள்.