பூண்டஸ்ராட்டில் அமர்பவர்கள் யார்?

ஜெர்மனியின் ஆட்சிமுறை குறித்து நான் படித்த கட்டுரை, அதைப் பொறுமையாக விளக்கியிருக்கிறது. ஆனால் சட்டமியற்றுவதில் மாநிலங்களின் சார்பாகப் பங்கேற்கும் அவையான பூண்டஸ்ராட்டை 'மக்கள் தேர்ந்தெடுக்கும் மேலவை' என்று குறிப்பிட்டிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. ஜெர்மனியின் அரசியலமைப்பான 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டப்படி, அந்த அவைக்கெனத் தனியாகத் தேர்தலே கிடையாது. 16 மாநிலங்களின் முதல்வர்களும் அமைச்சர்களுமே அங்கு வந்து அமர்கிறார்கள். மக்கள்தொகையைப் பொறுத்து 3 முதல் 6 வாக்குகள் வரை பெற்றுள்ள ஒவ்வொரு மாநிலமும், மொத்தமுள்ள 69இல் தன் பங்கைப் பிரிக்காமல் ஒரே குரலில் அளித்தாக வேண்டும்.

இவ்விதி எவ்வளவு கறாரானது என்பது 2002 மார்ச் 22 அன்று குடியேற்றச் சட்ட வாக்கெடுப்பில் தெரிந்தது. பிராண்டன்பர்க் மாநிலத்தின் கூட்டணி அரசிலிருந்து ஓர் அமைச்சர் 'ஆம்' என்றார். அதே அரசின் உள்துறை அமைச்சர் ஷேன்போம் 'இல்லை' என்றார். அவைத்தலைவர் வோவரைட், அம்மாநில முதல்வர் ஷ்டோல்பேயிடம் கேட்டு, அவர் சொன்ன 'ஆம்' என்பதையே மாநிலத்தின் 4 வாக்குகளாகப் பதிவு செய்தார். அவையில் பெருங்கூச்சல் எழுந்தது. அந்த 4 வாக்குகள் இல்லாவிட்டால் சட்டம் நிறைவேறியிருக்காது. டிசம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம், பிளவுபட்ட வாக்கைச் சம்மதமாகக் கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்து, அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது.

கூட்டாட்சிச் சட்டங்களைப் பெரும்பாலும் நடைமுறைப்படுத்துவது மாநில அதிகாரிகளே என்பதால், அவர்களுடைய அரசுகள் சட்டம் உருவாகும் இடத்திலேயே அமர்ந்திருப்பது மிகவும் நியாயமானது என்று உறுதியாகக் கருதுகிறேன். கட்டுரையாசிரியர் அந்த ஒரு வரியைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.