சேறு மிதித்தால் பிள்ளை குறைந்துவிடாது

பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் புதன்கிழமை இரவு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கடலோரப் பாக்காவ் காட்டுக்கு, அதாவது அலையாத்திக் காட்டுக்கு, அழைத்துப்போக டீச்சர் ஏற்பாடு செய்த பயணம் ரத்து. அந்தச் சனிக்கிழமை கணிதப் பயிற்சியாம். சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். "குப்பை பொறுக்கவும் சேறு மிதிக்கவுமா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்?" என்று ஒருவர் எழுத, அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தனவே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆமாம், அதற்கும் சேர்த்துத்தான் அனுப்புகிறேன். சுற்றியுள்ள தண்ணீரும் காற்றும் மண்ணும் நம் உடம்பை என்ன செய்கின்றன என்று தெரிந்துகொள்வதும் படிப்புதான். கணிதம் எவ்வளவு படிப்போ அவ்வளவு படிப்பு.

அந்தச் சேற்றில் என்ன இருக்கிறது என்று எழுதியவருக்குத் தெரியுமா? பாக்காவ் வேர்களுக்கு இடையில்தான் இறாலும் நண்டும் மீன் குஞ்சுகளும் வளர்கின்றன. கரையை அலை அரித்துவிடாமல் பிடித்து வைத்திருப்பதும் அந்த வேர்கள்தான். கரைக்குக் காவல் ஏன் வேண்டும் என்று நாம் பார்த்தோமே: 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நம் பினாங்கில் மட்டும் 50க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. செபராங் பிறைக் கரையில் அந்த மரங்களை ஆண்டுக்கணக்காக நட்டு வருபவர்கள் கரையோர மீனவர்கள். வலையில் மீன் குறைந்தது, காரணம் தேடினார்கள், நட்டார்கள். அவர்கள் பக்கத்தில் நம் பிள்ளைகள் ஒரு காலைப்பொழுது நின்றிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடித்தவர். முதுகில் பம்பு, காலில் சிலிப்பர், முகத்தில் ஒரு பழைய துண்டு. பாராகுவாட் என்ற பெயரே எங்கள் லயத்தில் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு அது களை கொல்லும் புல்லு மருந்து, அவ்வளவுதான். டின்னில் ஒட்டியிருந்ததைப் படிக்க அம்மாவுக்குத் தெரியாது, படித்துச் சொல்லவும் ஆளில்லை. விரல் நகங்கள் நிறம் மாறிக் கழன்றன. திடீர் திடீரென்று மூக்கிலிருந்து ரத்தம் வரும். "வெயில் சூடு" என்று தோட்டத்து எழுத்தரான கிராணி சொன்னார், அம்மா நம்பினார். அதே சட்டையோடு வீட்டுக்கு வந்து தம்பியைத் தூக்குவார். அதை எங்கள் பள்ளிச் சீருடையோடு ஒரே வாளியில் ஊறப்போடுவார். அந்த விஷம் தோல் வழியாகவும் உள்ளே போகும், போனால் முறிக்க மருந்தே கிடையாது என்று நான் வளர்ந்து வேலைக்குப் போன பிறகுதான் படித்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

2002இல் மலேசிய அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006இல் தளர்த்தியது. 2020 ஜனவரி 1இல்தான் தடை வந்தது. இடையில் எத்தனை அம்மாக்கள் அந்தப் பம்பைச் சுமந்தார்கள்! தெனாகானித்தா போன்ற உரிமை அமைப்புகள் மருந்தடித்த பெண்களின் நிலையை வெளியில் கொண்டுவந்து விடாமல் கேட்டதால்தான் அதுவாவது நடந்தது.

"பெரிய கம்பெனிகள் செய்கிற அநியாயத்துக்குப் பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்?" என்று கேட்பீர்கள். எதுவும் செய்ய வேண்டாம். டின்னில் என்ன எழுதியிருக்கிறது என்று தன் அம்மாவிடம் படித்துச் சொல்லட்டும். எங்கள் லயத்தில் அப்படி ஒரு பிள்ளை இருந்திருந்தால்!

பரீட்சை என்கிறீர்கள். ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இலேயே போய்விட்டது. கலைத்திட்டமே நிலையான சுற்றுச்சூழலை எல்லாப் பாடங்களிலும் விரவிவரும் கூறாக வைத்திருக்கிறது. டீச்சர் தன் இஷ்டத்துக்கு எதையும் கண்டுபிடிக்கவில்லை. சீனப்பள்ளிப் பிள்ளைகள் கணக்கில் எங்கேயோ போய்விட்டார்கள் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். போகட்டும், சந்தோஷம். ஒரு சனிக்கிழமையில் நாம் அவர்களைப் பிடித்துவிடுவோமா?

சேற்றில் எலிக்காய்ச்சல் தொற்றும் என்ற பயம் நியாயமானது. பூட்ஸ், கையுறை, கூடவே சில பெற்றோர். அதோடு தீர்ந்தது.

ஆனால் உண்மையான காரணம் காய்ச்சலும் இல்லை, கணக்கும் இல்லை. சேறு, குப்பை என்றாலே நமக்குப் பழைய அவமானம் நினைவுக்கு வருகிறது. தோட்டத்தை விட்டு வந்தவர்கள் நாம், பிள்ளையின் கையில் அழுக்குப் படக்கூடாது என்று ஆசைப்படுகிறோம். அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அழுக்கு நம்மை விட்டுப் போய்விட்டதா? சீனா 2018இல் பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவடைத்த பிறகு உலகத்தின் கழிவு மலேசியாவுக்கு வந்தது, எங்கெங்கோ திருட்டுத்தனமாக எரிந்தது. 2022 ஜனவரியில் நிபோங் திபால் பக்கத்துப் புலாவ் பூரோங் குப்பைமேடு தீப்பற்றியபோது சுற்றுவட்டார மக்கள் நாட்கணக்கில் புகையைச் சுவாசித்தார்கள். அங்கே யார் குடியிருக்கிறார்கள்? நம் ஆட்களும்தானே?

இன்னொன்று. என் மாமா நகராண்மைக் கழகக் குப்பை லாரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியவர் அவர்தான். "குப்பை பொறுக்கவா" என்று எழுதியபோது நீங்கள் யாரை மனதில் வைத்து எழுதினீர்களோ தெரியாது, எனக்கு அவர் முகம்தான் தெரிந்தது. கட்டைவிரல் போட்டவர்களில் பாதிப் பேர் வீட்டிலும் அப்படி ஒரு மாமா, ஒரு தாத்தா, ஒரு பாட்டி இருப்பார்கள். அவர்கள் கை அழுக்கானதால்தான் இன்று நம் கை சுத்தமாக இருக்கிறது. அதை மறந்துவிட்டுப் பிள்ளைக்கு எந்தப் படிப்பைக் கொடுத்து என்ன?

டீச்சர், குழுவில் நீங்கள் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியதில்லை. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வருகிறேன். பயணத்துக்கு வேறு தேதி கேட்பேன், கிடைக்கும்வரை கேட்பேன். கணிதப் பயிற்சியை வெள்ளி மாலை வையுங்கள், அதற்கும் என் மகளை அனுப்புகிறேன். வேனுக்குக் காசு பற்றாவிட்டால் சொல்லுங்கள், என் காரில் நான்கு பிள்ளைகள் உட்காரலாம்.