கைப்பையில் ஊசி, பெட்டியில் கத்தரி

விமானத்தில் தையல், பின்னல் போன்ற கைவேலைச் சாமான்களைக் கையோடு கொண்டுபோகலாமா என்று யார் கேட்டாலும், "எதற்கு வம்பு, எல்லாவற்றையும் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள்" என்ற பதில்தான் முதலில் வருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சென்னையிலிருந்து லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ போகிற ஒருவருக்கு, அடுப்பையும் அழைப்பு மணியையும் கவனிக்க வேண்டியிராத அத்தனை மணி நேரம் வேறெங்கே வாய்க்கும்? ஆனால் எதைக் கைப்பையில் வைப்பது என்பதை, போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் உள்ள விமான நிலையங்களில் மிகக் கண்டிப்பானது எதுவோ, அதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஊசிகளால் பெரும்பாலும் தொல்லை இல்லை. அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏ, பின்னல் ஊசி, நுனியில் கொக்கியுள்ள குரோஷா ஊசி, தையல் ஊசி மூன்றையும் அனுமதிக்கிறது. சிக்கல் கத்தரியில்தான். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் தடை செய்த கத்தரிகளை, 2005 டிசம்பரில் அமெரிக்கா ஓர் அளவு வைத்து மீண்டும் அனுமதித்தது: நடுத் திருகாணியிலிருந்து நுனிவரை 4 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது 6 செ.மீ. நம் நாட்டு விமான நிறுவனங்கள் சிலவற்றின் தடைப் பட்டியல்களிலோ "கூர்முனையுள்ள உலோகக் கத்தரி" என்று பொதுவாகப் போட்டிருப்பதைத்தான் பார்க்கிறோம்; நீளத்தைப் பற்றிப் பேச்சில்லை.

எம்பிராய்டரி செய்பவர்கள் ஆசையாக வைத்திருக்கும் கொக்கு வடிவக் கத்தரியையே பாருங்கள். அதன் அலகு ஒரு விரல் நீளம்கூட இராது. அளவுப்படி பாரிசில் தடையில்லை. ஆனால் கொக்கின் மூக்கு கூராக இருந்தால்தான் துணியை ஒட்டி நூலை நறுக்க முடியும் என்பதால், மும்பையில் இறங்கி உள்நாட்டு விமானத்துக்காக மறுபடி சோதனைக்கு நிற்கையில் அதுவே தடைப் பொருளாகிவிடலாம்.

இதைவிட விசித்திரம், கழுத்தில் பதக்கம்போல் மாட்டிக்கொள்ளும் வட்டமான நூல் வெட்டி. ஓரத்துப் பள்ளங்களில் நூலை நுழைத்து இழுத்தால் உள்ளே மறைந்திருக்கும் பிளேடு வெட்டிவிடும். விரலில் படவே படாது. பயணத்துக்கு ஏற்றது என்று நம்பிப் பலர் வாங்குவதும் இதைத்தான். ஆனால் உள்ளே பிளேடு இருப்பதால் டிஎஸ்ஏ இதைக் கைப்பையில் விடுவதில்லை. நாலு அங்குலம் வரை கத்தரி போகலாமாம், இது போகக்கூடாதாம்!

எந்தப் பட்டியல் என்ன சொன்னாலும் இறுதி முடிவு சோதனை அதிகாரியுடையது என்பதை நான் குறை சொல்லவில்லை. எக்ஸ்ரே திரையில் ஒரு நிழலை மட்டும் பார்த்து, பின்னால் நீளும் வரிசைக்கு நடுவே சில நொடிகளில் தீர்மானிக்க வேண்டியவர் அவர். ஆனால் அவருடைய விருப்புரிமைக்கு அடியில் ஓர் அளவாவது எழுதியிருக்க வேண்டும். இந்தியாவில் இந்த விதிகளை வகுக்கும் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம், கத்தரிக்கு இத்தனை செ.மீ. என்று எல்லோர் கண்ணிலும் படும்படி அறிவித்தால், வாயிலில் நடக்கும் வாக்குவாதத்தில் பாதி குறையும்.

விமானத்துக்குள் நூலை வெட்ட, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் டப்பியின் மூடியில் இருக்கும் சிறு உலோகப் பல் போதும். எம்பிராய்டரி என்றால் வீட்டிலேயே நூலை வேண்டிய நீளத்துக்கு நறுக்கி ஓர் அட்டையில் சுற்றிக்கொள்ளலாம். விலை உயர்ந்த கத்தரி செக்-இன் பெட்டியோடு போகட்டும்.

இரட்டை ஊசிப் பின்னல் செய்பவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. ஊசியைப் பறித்துக்கொண்டால் அதில் மாட்டியிருக்கும் நூல் வளையங்களான கண்ணிகள் அத்தனையும் அவிழ்ந்துவிடும் என்பதால், கிளம்புமுன் வேறு நிறத்தில் வழுவழுப்பான நூல் ஒன்றை எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் கோத்துவிடுங்கள். குரோஷாவில் இந்தப் பயமே இல்லை. அதில் எந்நேரமும் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணிதான். ஊசி போனாலும் அந்தக் கண்ணியில் ஓர் ஊக்கை மாட்டிவிட்டால், போய்ச் சேர்ந்த ஊரில் புது ஊசி வாங்கி விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.